வாசகர் கேட்டவை: நாலேகால் டாலர் பலகை வீடு

போன மாதம் பீடோர் வாசகர் ஒருவர் கிரெடிட் கார்டுக் கடனில் இருந்து வெளியே வர வழி கேட்டிருந்தார். பதில் எழுதும்போது பேச்சோடு பேச்சாகத் தோரோ என்கிற அமெரிக்கர் பெயரை இழுத்துவிட்டேன். குளக்கரையில் ஒரு குடில் போட்டுக்கொண்டு அரை சென்டுக்கும் கணக்கு எழுதி வாழ்ந்த ஆள் என்று ஒரே ஒரு வரிதான். அதற்கு வந்திருக்கிற கடிதம், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் பார்த்தால், கடன்காரரை எல்லாரும் மறந்துவிட்டுத் தோரோவைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். சரி, இந்த மாதம் முழுக்க அவர்தான். திட்டி எழுதியவரின் கடிதமும் உள்ளே இருக்கிறது.

கேள்வி: யார் சார் இந்தத் தோரோ? இணையத்தில் தேடினால் தாடி வைத்த படமும் பொன்மொழியும்தான் வருகிறது. — படிவம் ஆறு மாணவி, கோலகங்சார்

பதில்: ஹென்றி டேவிட் தோரோ. 1817 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அதே ஊரில் 1862 மே 6 அன்று காசநோயில் போய்ச் சேர்ந்தார், வயது 44. அப்பா பென்சில் செய்து விற்றவர். பையன் ஹார்வர்டில் படித்து 1837இல் வெளியே வந்ததும் பெரிய உத்தியோகத்துக்குப் போவான் என்று ஊர் காத்திருந்தது (நம்ம ஊரில் டாக்டர், வக்கீல் என்று காத்திருப்பார்களே அது மாதிரி). அவரோ கொஞ்சநாள் வாத்தியார், கொஞ்சநாள் பென்சில் பட்டறை, அப்புறம் நிலம் அளக்கிற வேலை என்று கைக்கு வந்ததைச் செய்துகொண்டு மீதி நேரமெல்லாம் காடு சுற்றினார், நோட்டு எழுதினார். அந்த நாட்குறிப்பே இருபது லட்சம் சொற்களைத் தாண்டும். சோம்பேறி என்று நினைத்துவிடாதே. கிராஃபைட் தூளில் களிமண்ணைச் சரியான பக்குவத்தில் கலந்து, அந்த நாட்டிலேயே நல்ல பென்சில் தோரோ வீட்டுப் பென்சில்தான் என்ற பெயரை வாங்கிக் கொடுத்தவர் அவர்.

அதே ஊரில் எமர்சன் என்ற பெரிய எழுத்தாளர் இருந்தார். தோரோவைவிட பதினாலு வயது மூத்தவர். அவரைச் சுற்றி ஒரு கூட்டம், டிரான்சென்டென்டலிஸ்டுகள் என்று பேர். பேர் பயமுறுத்துகிறது, விஷயம் அவ்வளவு கஷ்டம் இல்லை: உண்மையை யாரும் வெளியே இருந்து கொண்டுவந்து உன் கையில் தர வேண்டியதில்லை, அது உன் மனசுக்குள்ளும் இயற்கையிலும் இருக்கிறது, தேவாலயமும் சந்தையும் ஊரும் சொல்வதைக் கேட்கும் முன்னால் அதைக் கேள் என்பார்கள். மற்றவர்கள் இதைப் பெரும்பாலும் பேசினார்கள். தோரோ செய்து பார்த்தார். 1845 ஜூலை 4 அன்று, எமர்சனுக்குச் சொந்தமான நிலத்தில், வால்டன் குளக்கரையில், தன் கையாலேயே கட்டிய பத்தடிக்குப் பதினைந்தடி வீட்டில் குடியேறினார். 1847 செப்டம்பர் 6 வரை அங்கே இருந்தார், இரண்டு வருசம் இரண்டு மாதம் இரண்டு நாள். அந்த அனுபவத்தை எழுதிய புத்தகம்தான் 1854இல் வந்த வால்டன்.

ஒரு விஷயத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அவருக்கு ஜான் என்று ஒரு அண்ணன், உயிருக்கு உயிர். 1842இல் சவரக்கத்தி கீறி, ஜன்னி கண்டு, தம்பியின் கையிலேயே செத்துப்போனார். குளக்கரைக்குப் போய்த் தோரோ முதலில் எழுதி முடித்தது வால்டனை அல்ல, அண்ணனோடு படகில் போன ஒரு பயணத்தைப் பற்றிய புத்தகத்தை. தத்துவம் பேசத்தான் காட்டுக்குப் போனார் என்று சொல்லும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள். எஸ்.டி.பி.எம். பரீட்சையில் இதெல்லாம் வராது, பயப்படாதே.

கேள்வி: காட்டில் தனியாக வாழ்ந்தேன் என்று புத்தகம் போட்டுவிட்டுத் துணி மட்டும் அம்மா வீட்டில் துவைத்தாராமே? — வாசகர், கூலிம்

பதில்: ஊர் ரொம்ப தூரம் இல்லை, ஒன்றரை மைல்தான். அடிக்கடி போய் வீட்டில் சாப்பிட்டார், எமர்சன் வீட்டிலும் சாப்பிட்டார். துணி விஷயத்துக்கு அவரே வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்: துவைப்பதும் தைப்பதும் பெரும்பாலும் வெளியில்தான் நடந்தன, அதற்குரிய பில் இன்னும் வந்து சேரவில்லை என்று கணக்குப் பக்கத்திலேயே எழுதுகிறார். எந்த அம்மா பில் அனுப்புவாள்! ஆனால் தன்னை அவர் துறவி என்று எங்கேயும் சொல்லிக்கொள்ளவில்லை. வீட்டில் மூன்று நாற்காலி இருந்தன, தனிமைக்கு ஒன்று, நட்புக்கு இரண்டு, ஊர் கூடினால் மூன்று.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 43 வயது, தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வீடியோ பார்த்துப் பார்த்து, இப்போது வேலையை விட்டுவிட்டு மாமனாரின் இரண்டு ஏக்கர் துரியான் காட்டில் குடில் போட்டு எளிமையாக வாழலாம் என்கிறார். உங்கள் பத்தியைக் காட்டி, பார் இவரே எழுதிவிட்டார் என்கிறார். மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள். — வாசகி, தாப்பா

பதில்: தங்கச்சி, முதலில் மன்னித்துக்கொள். நான் எழுதிய ஒரு வரி உங்கள் வீட்டில் இந்தப் பாடு படுத்தும் என்று நினைக்கவில்லை.

அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடு. தோரோவைப் பின்பற்றுவதாக இருந்தால் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். வீடு கட்ட 28 டாலர் 12½ சென்ட் ஆனது என்று பலகை, ஆணி, சுண்ணாம்பு வரைக்கும் பட்டியல் போட்டு எழுதியவர் அவர். ஹார்வர்டில் ஒரு மாணவனின் அறை வாடகையே வருசத்துக்கு 30 டாலர் என்று பக்கத்தில் ஒப்பிட்டும் காட்டினார். எட்டு மாதச் சாப்பாட்டுக்கு 8 டாலர் 74 சென்ட். இரண்டரை ஏக்கரில் பெரும்பாலும் அவரைச் செடி நட்டார், பாத்திகளை நீட்டி வைத்தால் ஏழு மைல் வரும், வெயிலில் நின்று களை எடுத்தார், கடைசியில் அந்த வருசம் நிலத்தில் கிடைத்த லாபம் 8 டாலர் 71½ சென்ட். அதை வைத்துக்கொண்டு அவரே முழுக்க வாழவில்லை, நிலம் அளந்தார், தச்சு வேலைக்குப் போனார், கூலி வேலை செய்தார். வருசத்துக்கு ஆறு வாரம் உழைத்தால் என் செலவுக்குப் போதும் என்று அவர் சொன்னது ரொம்பப் பிரபலம், ஆனால் அந்த ஆறு வாரம் ஒரே ஒரு வயிற்றுக்கு. கல்யாணம் ஆகவில்லை. ஒரு பெண்ணைக் கேட்டார், அவள் வீட்டில் சம்மதிக்கவில்லை, அதோடு சரி. ஸ்கூல் வேனுக்குக் காசு, டியூஷன் காசு, சின்னவளுக்கு ராத்திரி காய்ச்சல் என்றால் கிளினிக், இதெல்லாம் அந்த நோட்டில் கிடையாது.

இன்னொன்றையும் அவருக்குச் சொல். தோரோவின் நண்பர், அதே கூட்டத்துக்காரர், ஆல்காட் என்று ஒருவர், 1843இல் மனைவியையும் நான்கு பெண் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு எளிமையாக வாழப் போகிறோம் என்று ஒரு பண்ணைக்குப் போனார். மாட்டை வேலை வாங்கக் கூடாது, பால் கூடாது, அடிமைகள் விளைவித்த பருத்தி கூடாது, எல்லாம் உயர்ந்த கொள்கைதான். ஆண்கள் கொள்கையைப் பரப்ப வெளியூர் கிளம்பிவிட்டார்கள், புயல் வரும் நேரத்தில் பார்லிக் கதிரை ஓடி ஓடி உள்ளே சேர்த்தது அந்த அம்மாவும் பிள்ளைகளும். ஏழு மாதத்தில் பண்ணை கலைந்தது. அந்த வீட்டு மகள் லூயிசா மே ஆல்காட் பின்னால் எழுதிச் சம்பாதித்துத்தான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் தங்கச்சி: அந்த துரியான் காட்டில் விடிகாலையில் அடுப்பு மூட்டப் போவது யார்? இதற்கு அவர் நேராகப் பதில் சொன்னால், சனி ஞாயிறு மட்டும் போய்ப் புல் வெட்டிக் குடில் போட்டுப் பார்க்கச் சொல். துரியான் நல்ல மரம், அதை நான் குறை சொல்லவில்லை.

கேள்வி: ஐயா, நாலு தலைமுறையாக ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்தோம். பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரு குழாய்க்கு இருபது வீடு. வெள்ளைக்காரர் இரண்டு வருசம் குடிசையில் இருந்தால் தத்துவம், நாங்கள் நூறு வருசம் இருந்தால் என்ன பேர்? இதையெல்லாம் எழுதி எங்களைக் கேவலப்படுத்தாதீர்கள். — 74 வயது, முன்னாள் பால்வெட்டு, சுங்கை சிப்புட்

பதில்: அண்ணே, நம்ம ஊர்க்காரர், எங்கேயாவது கோப்பிக் கடையில் பார்த்தும் இருப்போம். உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. நானும் லயத்தில் பிறந்தவன்தான், ஏழு பேர் படுத்த அறை தோரோவின் வீட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அம்மா இருட்டில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய் நின்று, தன் மர வரிசையான நிரையைப் பிடித்து, பால் மரம் சீவி, காண்டா கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். அந்த எளிமையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை.

நீங்கள் இன்னும் கோபப்படக் காரணம் ஒன்று தருகிறேன். தோரோ அந்த வீட்டைக் கட்டப் பலகை எங்கே வாங்கினார் தெரியுமா? பக்கத்தில் ரயில் பாதை போட வந்த அயர்லாந்துக் கூலிக்காரர்களின் குடிசைகள் இருந்தன. அதில் ஜேம்ஸ் காலின்ஸ் என்பவரின் குடிசையை 4 டாலர் 25 சென்டுக்கு விலை பேசினார். இன்றைக்கு ராத்திரி காசு, நாளைக் காலை ஐந்து மணிக்கு நீ காலி செய்ய வேண்டும், ஆறு மணிக்கு வீடு எனக்கு. மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்தக் குடும்பம் எதிரே ரோட்டில் போவதைப் பார்த்தார். மொத்த சொத்தும் ஒரே மூட்டை: படுக்கை, காப்பிக்கொட்டை அரைக்கிற மிஷின், முகம் பார்க்கிற கண்ணாடி, கோழிகள். பூனை மட்டும் கூட வரவில்லை, காட்டுக்குள் ஓடிப்போய்க் கடைசியில் ஒரு பொறியில் மாட்டிச் செத்தது. பலகைகளைப் பிரித்துக் குளக்கரையில் வெயிலில் காயப்போட்டார். உலகம் கொண்டாடுகிற அந்த எளிய வீடு ஒரு கூலிக்காரர் குடும்பத்தின் வீட்டைப் பிரித்துக் கட்டியது அண்ணே. இதை முதல்முறை படித்த அன்று எனக்கு எங்கள் தோட்டம் கைமாறிய வருசத்து லாரிதான் கண்ணில் வந்தது. பாத்திரம் ஒரு பக்கம், மாரியம்மன் படம் அம்மா மடியில், கோழிக்கூண்டு மேலே. எங்கள் நாயும் லாரியில் ஏறவில்லை.

இதோடு போகவில்லை. ஒருநாள் மழைக்கு ஜான் ஃபீல்டு என்ற இன்னொரு அயர்லாந்துக்காரரின் ஒழுகுகிற குடிசையில் ஒதுங்கினார். அவர் ஏக்கருக்குப் பத்து டாலர் கூலிக்குச் சதுப்பு நிலத்தைக் கொத்திப் புரட்டுகிறவர், பெண்டாட்டி, பிள்ளைகள் உண்டு. அவரை உட்கார வைத்து, நான் டீ, காப்பி, வெண்ணெய், பால், புதுசாக வெட்டிய இறைச்சி எதுவும் தொடுவதில்லை, அதனால் அதற்காக உழைக்க வேண்டியதில்லை, நீயும் விட்டுவிட்டால் இப்படி மாடாய் உழைக்க வேண்டாமே என்று பாடம் நடத்தினார். எந்த நிமிசமும் அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போகக்கூடிய ஹார்வர்டுக்காரர்! அந்தப் பக்கங்களில் அயர்லாந்துக்காரர்களைப் பற்றி எழுதியிருப்பதில் மரியாதையும் இல்லை. விருந்து மேடையில் நின்று போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று தோட்டத்துச் சனத்துக்குச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எப்படிக் காது கூசுமோ அதே கூச்சம் அங்கேயும் வந்தது.

அப்புறம் ஏன் படிக்கிறேன் என்றால், காலின்ஸைப் பற்றி நமக்குச் சொன்னதே அவர்தான். நாலேகால் டாலரையும் அந்தப் பூனையையும் மறைக்காமல் எழுதிவைத்தார், அதனால்தான் இன்றைக்கு நீங்களும் நானும் அவரைப் பிடித்துக் கேட்க முடிகிறது. நம்மைக் காலி செய்யச் சொன்னவர்களின் நோட்டில் நம்ம நாய்க்கு ஒரு வரி இருந்திருக்குமா? அதே புத்தகத்தில் ரயில் பாதையைப் பற்றி ஓர் இடம் வருகிறது. தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற சிலிப்பர் கட்டைக்கும் தூங்குகிறவனுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல், அதை வைத்து, அந்தக் கட்டை ஒவ்வொன்றும் ஒரு மனுசன், அவன் மேல் தண்டவாளம் போட்டு மண்ணை மூடி வண்டியை ஓட்டுகிறார்கள் என்று எழுதினார். அவர் செத்து எண்பது வருசத்துக்குப் பிறகு நம்ம தோட்டங்களில் இருந்து ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டு போய் 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதை போட்டானே, பல்லாயிரம் தமிழர்கள் திரும்பி வரவில்லையே, உங்கள் வீட்டிலும் யாராவது இருந்திருக்கலாம். எங்கள் தாத்தாவின் அண்ணன் போனார். அந்த வரியை நம்மைவிட யாரும் ஒழுங்காகப் படித்துவிட முடியாது.

ஆனால் ஒன்று, அண்ணே. கஞ்சத்தனமும் இல்லாமல் ஊதாரித்தனமும் இல்லாமல் காசை எண்ணி வாழ்ந்த சனம் நம்ம சனம். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டம் வாங்கினோமே. அதற்கு எளிமை என்று பேர் வைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கேள்வி: பிறையில் எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் வேலை. கைக்கு 2,340 வெள்ளி வரும். எனக்கும் அந்தத் தோரோவுக்கும் என்ன சம்பந்தம்? நான் குடிசைக்குப் போகப் போவதில்லை. — 26 வயது, ஊர் வேண்டாம்

பதில்: போக வேண்டாம் தம்பி. உனக்கு அவர் சொன்ன ஒரே ஒரு கணக்குப் போதும்: ஒரு பொருளின் விலை என்பது அதற்காக நீ கொடுக்கிற வாழ்நாள். காசு இல்லை, நாள்.

உன் 2,340ஐ 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 90 வெள்ளி. வேலைக்குப் போகவே மோட்டாருக்கு எண்ணெய், பாலத்தடி ரொட்டிச் சானாய், மத்தியானச் சாப்பாடு என்று 20 வெள்ளி போகும் என்று வை. நிஜமாக நீ ஒருநாள் சம்பாதிப்பது 70. இப்போது 4,200 வெள்ளிக் கைப்பேசியை அதால் வகுத்துப் பார், 60 நாள். இரண்டு மாதத்துக்கு மேல் விடிகாலை எழுந்து ஷிப்டுக்குப் போனது முழுக்க அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. மாதம் 650 வீதம் ஒன்பது வருசக் கார்க் கடன் என்றால் 70,200 வெள்ளி, ஆயிரம் நாளைத் தாண்டும், அதாவது மூன்று வருசத்துக்கு மேல், எண்ணெயும் ரோடு டாக்ஸும் சேர்க்காமலே. வாங்காதே என்று நான் சொல்லவில்லை. நாளில் விலையைப் பார்த்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கிக்கொள்.

தோரோ இதை ரயிலை வைத்துச் சொன்னார். முப்பது மைல் தள்ளி ஃபிட்ச்பர்க் என்ற ஊர், டிக்கெட் 90 சென்ட், அதாவது கிட்டத்தட்ட ஒருநாள் கூலி. நண்பன் ரயிலில் போகலாம் என்கிறான். இவர் சொல்கிறார்: நான் இப்போதே நடக்க ஆரம்பித்தால் ராத்திரிக்குள் போய்விடுவேன், நீ டிக்கெட் காசு சம்பாதித்துக்கொண்டு இருப்பாய், உனக்கு முன்னால் நான் அங்கே இருப்பேன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பஸ் மணிக்கணக்கில் வராத நம்ம தோட்டப்புறத்துத் தாமானில், அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டிய வீட்டில், கார் ஆடம்பரம் இல்லை. அங்கே இந்தக் கணக்கைப் போட வேண்டியவர்கள் பஸ் விடாதவர்கள். வரவு வாய்க்கால் சின்னதாக இருந்தாலும் செலவு வாய்க்கால் அகலமாகாமல் இருந்தால் கெடுதல் இல்லை என்று வள்ளுவரும் சொல்லியிருக்கிறார், ஆனால் வாய்க்காலே வறண்டு கிடந்தால் என்ன செய்வது என்று அவரிடமும் கேட்க வேண்டும்.

கேள்வி: கவிதைத் தொகுப்பு ஒன்று போட்டேன். வெளியீட்டு விழாவில் மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள், புத்தகக் கட்டுகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. உங்கள் தோரோவுக்காவது விற்றதா? — கவிஞர், பாகான் செராய்

பதில்: கவிஞரே, அண்ணனைப் பற்றிய அந்த முதல் புத்தகம் 1849இல் வந்தது, ஆயிரம் படி அச்சடித்தார்கள். நாலு வருசம் கழித்துப் பதிப்பாளர் 706 படிகளை வண்டியில் ஏற்றி வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் அடுக்கிவைத்துவிட்டு அன்றைக்கு நோட்டில் எழுதினார்: என்னிடம் இப்போது சுமார் தொள்ளாயிரம் புத்தகம் கொண்ட நூலகம் இருக்கிறது, அதில் எழுநூற்றுக்கு மேல் நானே எழுதியது. உங்களுக்குக் கட்டிலுக்கு அடியில் இடம் போதுகிறதே, சந்தோசப்படுங்கள். அச்சுக் கடனைப் பென்சில் செய்து அடைத்தார் அவர்.

கேள்வி: வாத்தியாராக இருந்தார் என்கிறீர்கள். எத்தனை நாள்? — தமிழ்ப்பள்ளி ஆசிரியை, லூனாஸ்

பதில்: அரசுப் பள்ளியில் இரண்டு வாரம்தான், டீச்சர். 1837இல் சொந்த ஊரிலேயே வேலை கிடைத்தது. பள்ளிக் குழுவில் இருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பிள்ளைகளை அடிக்காமல் எப்படிப் பாடம் நடத்துகிறாய், அடித்தால்தான் பள்ளி உருப்படும் என்றார். தோரோ அன்றைக்குச் சில பிள்ளைகளைக் கூப்பிட்டு, காரணமே இல்லாமல் அடித்துவிட்டு, சாயங்காலம் வேலையை விட்டுவிட்டார். இது எனக்குப் புரியாத இடம். அடிக்காமலேயே விட்டிருக்கலாமே, அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? பிறகு அண்ணனும் தம்பியுமாகச் சொந்தப் பள்ளி நடத்தினார்கள், பிரம்பு கிடையாது, பிள்ளைகளை ஆற்றுக்கும் காட்டுக்கும் கூட்டிப்போவது பாடத்திலேயே சேர்த்தி. அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போய் 1841இல் மூடிவிட்டார்கள். முப்பத்திரண்டு வருசம் வாத்தியாராக இருந்தவன் நான், என் மேசை இழுப்பறையில் ரோத்தான் இருந்தது, அதை எடுக்கவும் செய்தேன். இப்போது பாசார் மாலாமில் பழைய மாணவர்கள் வந்து காலைத் தொட்டுக் கும்பிடும்போது சில முகங்களை என்னால் நேராகப் பார்க்க முடிவதில்லை.

கேள்வி: நம்ம பகவத் கீதையைப் படித்துத்தான் அவர் இப்படி ஆனார் என்கிறார்களே, உண்மையா? — கோயில் தலைவர், தெலுக் இந்தான்

பதில்: படித்துத்தான் இப்படி ஆனார் என்று சொல்ல முடியாது, ஆனால் படித்தார், ஆழ்ந்து படித்தார். கீதை 1785லேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. குளக்கரையில் காலையில் கீதையில் என் அறிவைக் குளிப்பாட்டுகிறேன் என்று எழுதுகிறார். அந்தக் காலத்தில் வால்டன் குளம் குளிர்காலத்தில் உறைந்ததும் பனிக்கட்டியை வெட்டிக் கப்பலில் கல்கத்தாவரை அனுப்பினார்கள். அதைப் பார்த்து, என் கிணற்றுத் தண்ணீரைச் சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடிக்கிறார்கள், வால்டன் தண்ணீர் கங்கையோடு கலக்கிறது என்றார். இந்தியத் தத்துவத்தை இவ்வளவு விரும்புகிற நான் முக்கியமாகச் சோற்றில் வாழ்வது பொருத்தம்தான் என்று அரிசிக்கும் கணக்கு எழுதியிருக்கிறார், 1 டாலர் 73½ சென்ட். அதே பட்டியலில் உப்புப் போட்ட பன்றி இறைச்சியும் இருக்கிறது, கோயில் விழாவில் பேசும்போது முழுசாகச் சொல்லுங்கள்.

திரும்பி வந்த கதையும் உண்டு. அடிமை முறையும் மெக்சிகோ மேல் தொடுத்த போரும் பிடிக்காமல் தலைவரி கட்ட மறுத்ததற்காக 1846 ஜூலையில் அவரை ஒரு ராத்திரி சிறையில் வைத்தார்கள். யாரோ வரியைக் கட்டி மறுநாள் வெளியே எடுத்துவிட்டார்கள், அதில் அவருக்குக் கோபம். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையின் பகுதிகளை 1907இல் காந்தி தென்னாப்பிரிக்காவில் தம் இந்தியன் ஒப்பினியன் பத்திரிகையில் வெளியிட்டார். எங்கள் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை வாசலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறை ஞாபகம் வரும்.

எனக்கு இதில் பிடித்தது வேறு ஒன்று. அந்தக் கட்டுரையில், சட்டம் போடுகிறவர்கள் வழியில் போடுகிற தடையையெல்லாம் தாண்டிக் குதிக்க வேண்டுமானால் வியாபாரம் இந்திய ரப்பரால் செய்திருக்க வேண்டும் என்று ஒரு கிண்டல் வருகிறது. அவர் எழுதிய நாளில் மலாயாவில் அந்த மரம் ஒன்றுகூடக் கிடையாது. 1877இல்தான் கோலகங்சாரில் கன்று நட்டார்கள், அதில் பழைய மரம் ஒன்று இன்றும் நிற்கிறது. அதற்கு அப்புறம்தான் அந்த ரப்பருக்காக நம்மைக் கப்பலில் ஏற்றினார்கள். ரப்பர் நன்றாகத்தான் குதித்தது.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் வீட்டில் எதைத் தூக்கிப் போட்டீர்கள்? — வாசகி, சுங்கை பட்டாணி

பதில்: மாட்டிக்கொண்டேன். தோரோவின் மேசை மேல் மூன்று சுண்ணாம்புக் கல் அழகுக்கு இருந்தன. தினமும் தூசி தட்ட வேண்டும் என்று தெரிந்ததும், என் மனசின் தூசியையே இன்னும் தட்டவில்லை, இது வேறா என்று ஜன்னல் வழியாக வீசிவிட்டார். அதைப் படித்த வேகத்தில் எங்கள் ஹாலில் இருக்கும் கண்ணாடி அலமாரியைக் காலி செய்யலாம் என்று வீட்டில் சொன்னேன். அதில் கல்யாணத்தில் வந்த பொம்மை, பேரன் வாங்கிய கோப்பை, யாரோ மெக்காவில் இருந்து கொண்டுவந்து கொடுத்த பேரீச்சம்பழப் பெட்டி, எல்லாம் இருக்கிறது. வீட்டுக்காரம்மா கேட்டார், நாப்பது வருசமாகத் தூசி தட்டியது யார்? நான் வாயைத் திறக்கவில்லை. தட்டினவங்கதான் எதைப் போடுறதுன்னு சொல்லணும் என்றார், அதுவும் நியாயம்தான்.

மறுநாள் பழைய பேப்பர் லாரி மைக்கில் கத்திக்கொண்டு வந்தபோது நான் கோப்பிக் கடையில் இருந்தேன். திரும்பி வந்தால் கண்ணாடி அலமாரி அப்படியே இருக்கிறது, என் கட்டிலுக்கு அடியில் இருபது வருசமாகச் சேர்த்த பத்திரிகைக் கட்டுகளைக் காணோம், இந்தப் பத்தி வந்த இதழ்களும் சேர்த்துத்தான். மொத்தம் பதினொரு வெள்ளி கிடைத்ததாம். அதை அவர் என் கையில் தரவில்லை.